அரைமணி கூட்டி வைத்த கடிகாரம்

வில்பட்டியில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டாது. அரைமணி கூட்டித்தான் வைத்திருப்பார்கள். காலை பஸ்ஸை விட்டால் கொடைக்கானல் டவுனில் அன்றைய வேலை போச்சு. அதனால் கடிகாரத்தை முன்னால் ஓடவிட்டு இவர்கள் அதன் பின்னால் ஓடுவார்கள். கைக்கடிகாரமும் அப்படியேதான். கூட்டி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் பதறுவார்கள். இதை நான் வருஷக்கணக்கில் கிண்டலடித்திருக்கிறேன். இப்போது கிண்டலடிப்பதில்லை.

டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் எங்கள் அலுவலகம் இருந்தது. லாட்ஜுகளுக்கு அறைப் பதிவு, பில் போடும் மென்பொருள் எங்களுடையது. முதலாளி சென்னையில். மலையில் நாங்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற ஆட்கள். நான் பேத்துப்பாறைக்காரன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம், பரம்பரை முன்கோபம். எனக்கு எதிர் மேசையில் வில்பட்டி அக்கா. நாங்கள் எழுதும் நிரலை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வதும், லாட்ஜ்காரர்களின் வசவை போனில் வாங்கிக்கொள்வதும் அவர் சோலி.

அக்காவின் வீட்டுக்காரர் கிளை கழிக்க மரமேறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முதுகில் புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வெள்ளனே எழுந்து அதையெல்லாம் முடித்துவிட்டு அக்கா பஸ் ஏறுவார். மதியம் ஒரு தடவை வீட்டுக்கு ஓடிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்புவார்.

"இந்த மனுசன வச்சுக்கிட்டு நான் மலைய விட்டு எறங்க முடியுமா தம்பி? இந்த ஆபீஸ் இருக்குற வரைக்கும்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்" என்பார்.

அந்த ஆபீஸுக்குத்தான் ஒருநாள் கெடு வந்தது. நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைத்து, வேண்டும்போது பழைய நிலையைத் திருப்பிக் கொடுக்கிற வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. எங்களுக்கு அது உயிர்நாடி. பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜ் பழைய பதிப்பை வைத்திருக்கும், ஏரிக்கரையில் இன்னொன்று அதற்கும் பழையதை வைத்திருக்கும். ஒருவரும் புதிதுக்கு மாற மாட்டார்கள். யாருக்கு என்ன கோளாறு என்றாலும் அந்தந்த வருஷத்து நிரலைத் தோண்டியெடுத்தால்தான் சரிசெய்ய முடியும். சென்னைக்காரர்கள் இந்த மென்பொருளின் புதுப் பதிப்புக்கு மாறிவிட்டார்கள். எங்களுடைய பழையதோடு அது பேசாது.

"திங்கட்கிழமைக்குள்ள உங்க எல்லா மெஷினும் மாறணும். பழைய சேமிப்பு முழுக்கப் புது வடிவத்துக்கு வரணும். முடியலேன்னா சொல்லுங்க, மலையில எதுக்கு ஒரு ஆபீஸ்?" என்றார் முதலாளி. போனை வைத்ததும் நான் திட்டிய திட்டில் பங்களாக் காவல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா மட்டும் தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

எங்களிடம் இருந்தவையெல்லாம் கிழட்டு இயந்திரங்கள். தயார்நிலையில் கிடைக்கும் புதுப் பதிப்பு எதுவும் அவற்றில் ஏறாது. மூலநிரலை இறக்கி, ஒவ்வொரு இயந்திரத்திலும் நாங்களே கம்பைல் செய்து, அதற்குப் புரிகிற வடிவில் கட்டிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் பெட்டிகளில் கட்டுவதற்கான கருவிகளையே முதலில் கட்ட வேண்டியிருந்தது. மேக் ஒன்று இருந்தது, அது ஒரு துணைநிரல் நூலகத்தைக் கேட்கும், கொண்டுவந்து போட்டால் அந்த நூலகம் இன்னொன்றைக் கேட்கும். நெட் மழைக்கு மழை அறுந்துபோகும். தலையால் தண்ணீர் குடித்தோம். எப்படியோ சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்து, சர்வர் மட்டும் மிச்சம்.

அந்தச் சர்வர் ஒரு முப்பத்திரண்டு பிட் கிழம். பத்து வருஷ உழைப்பு முழுவதும் அதன் வயிற்றில்தான் இருந்தது. மற்ற இயந்திரங்களில் இடமில்லாததால் அண்மைக்கால நிரல் மட்டும்தான் வைத்திருந்தோம். சர்வருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. மலையின் ஈரத்தில் உள்ளே பேட்டரி பிடிப்பு துருவேறி, கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். நெட்டிலிருந்து நேரம் வாங்கும் ஏற்பாடும் அதில் செத்துப்போயிருந்தது. ஆகவே யார் முதலில் வந்து அதைப் போடுகிறார்களோ அவர்கள் கையால் மணி வைக்க வேண்டும். அந்தப் பேட்டரி இருக்கும் பலகையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று முதலாளி சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தது அக்கா. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்தார். வில்பட்டி மணி.

நான் வந்து கட்ட ஆரம்பித்தேன். வரி வரியாகத் திரை ஓடியது. கட்டி முடித்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. சில நிமிடத்தில் வந்ததும் நான் என் போனைப் பார்த்துச் சரியான மணி வைத்தேன். அப்போதுதான் சென்னை அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பழைய இயந்திரங்களில் இந்தப் பதிப்புக்கு ஒரு கோளாறு உண்டாம். சேமிப்பைப் புது வடிவத்துக்கு மாற்றும்போது பெரிய கோப்புகளின் பின்பாதியை விட்டுவிடுமாம். ஒரு கோப்பில் இரண்டே வரி திருத்தினால் போதும் என்றார். அவர் வாசிக்க வாசிக்கக் கையாலேயே தட்டி, மறுபடியும் கட்டச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"என்ன தம்பி, அம்புட்டு வெரசா முடிஞ்சிருச்சு?"

"ரெண்டு வரிதானேக்கா" என்றேன். எங்களுக்கு அப்போது உயிர் போய் உயிர் வந்திருந்தது.

புது வடிவத்துக்கு மாற்ற வட்டில் இடம் போதவில்லை. முதலாளியைக் கேட்டோம். "அதான் புதுசா மாத்துறோம்ல, காப்புக்கு வச்ச பழைய நகலை அழிங்க" என்றார். அழித்தோம். மாற்றம் முடிந்தது, அண்மைக்கால நிரலெல்லாம் எங்கள் இயந்திரங்களிலேயே இருந்ததால் ஒழுங்காகத் திறந்தது. திங்கட்கிழமை காலை சென்னையோடு எல்லா இயந்திரங்களும் பேசின. அக்கா வீட்டிலிருந்து கேசரி கிண்டி எடுத்து வந்தார்.

சீசன் தொடங்கும் சமயம் பழனி அடிவார லாட்ஜில் பில் நின்றுபோனது. அவர்களுடைய பழைய பதிப்பைத் தோண்டப் போனால் கோப்பு பாதியில் முடிகிறது. அடுத்ததைத் திறந்தேன், அதுவும் பாதி. பழையவற்றில் பெரிய கோப்பு ஒன்றுகூட முழுசாக இல்லை.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தேன். கட்டுகிற கருவிக்கு மூளை கிடையாது. மூலக் கோப்பு பிந்தியதா, ஏற்கெனவே கட்டி வைத்தது பிந்தியதா என்று நேரத்தை மட்டும்தான் பார்க்கும். முதலில் கட்டியவற்றின்மேல் அரைமணி கூடின வில்பட்டி மணி விழுந்திருந்தது. அரைமணி ஆவதற்குள் நான் திருத்திய கோப்பின்மேல் சரியான மணி. கருவியின் கணக்கில் திருத்தம் பழசு, கட்டி வைத்தது புதுசு. ஆகவே அது திருத்தத்தைத் தொடவே இல்லை. நேரம் முன்னுக்குப் பின் இருக்கிறது என்று ஒரு வரி எச்சரித்துத்தான் இருந்தது. கட்டும்போது எச்சரிக்கைகள் ஆயிரம் ஓடும், யார் பார்க்கிறார்கள்?

அக்காவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஏலே தம்பி, இது நான் வச்ச மணிதானே?"

"அக்கா, சும்மா இருங்க. கரண்ட்டால கெட்டுச்சுன்னு சொல்லிக்கலாம்."

முதலாளி நேரிலேயே வந்தார். பழைய லாட்ஜ்களெல்லாம் கைவிட்டுப் போகிற கோபம் அவருக்கு. கரண்ட், மழை, துருப்பிடித்த பேட்டரி என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். உண்மையும் அதுதானே? பலகை மாற்றித் தராத மனுஷன், நகலை அழிக்கச் சொன்ன மனுஷன், எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார். அப்போது அக்கா எழுந்து நின்றார்.

"மணி வச்சது நான்தான் சார். எங்க வீட்டு மணிய வச்சுட்டேன். தம்பி மேல தப்பில்ல."

அவர் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "வீட்டு மணி" என்று சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மாதக் கடைசியோடு மலை அலுவலகம் மூடப்படும், விருப்பமுள்ளவர்கள் சென்னைக்கு வரலாம் என்றார். நான் போனேன். அக்கா எங்கே போவார்?

போன வருஷம் லீவில் வந்தபோது வில்பட்டிக்குப் போனேன். அக்கா பூண்டுக் காட்டிலிருந்து வந்தார், கையெல்லாம் மண். வீட்டுக்குப் பக்கத்துக் காடாகப் பார்த்துக் கூலிக்குப் போகிறார். அப்போதுதான் நடுவில் ஓடிவந்து வீட்டுக்காரரைப் புரட்டிப் போட முடியும். புரட்டியும் பயனில்லாமல் முதுகில் புண் வந்துவிட்டது. கட்டில் பக்கம் போனதும் அந்த வாடை தெரிந்தது. மருந்துக்கு மதுரைக்குப் போகச் சொல்கிறார்கள் என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று சுவரைப் பார்த்தேன். கடிகாரமும் என் போனும் ஒரே மணி காட்டின.

"சரியா வச்சுட்டா" என்றார் கட்டிலில் இருந்தவர். "ஆபீஸ் மூடுன அன்னைக்கு வந்ததும் மொத வேலையா ஸ்டூல போட்டு ஏறித் திருப்பி வச்சா. இனி எந்த பஸ்ஸப் பிடிக்கணும்?"

அக்கா வாசல்வரை வந்தார். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன்னு அங்க இன்னும் பேசிக்கிறாங்களா?"

அந்த லாட்ஜ் மென்பொருளையே முதலாளி அடுத்த வருஷம் தூக்கிப் போட்டுவிட்டார். லாட்ஜ்காரர்கள் எல்லோரும் இப்போது போனில் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்கள். மலையில் ஓர் அலுவலகம் இருந்ததே சென்னையில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"இல்லக்கா, யாரும் பேசல" என்றேன்.

"நெசமாவா?" என்றார். அவர் நம்பவில்லை.