ஏழாம் நம்பர் வாசனை

முகுந்தனுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். மனிதர் வாழ்ந்ததும் அந்த மூக்கால்தான், மாட்டிக்கொண்டதும் அந்த மூக்கால்தான். மாட்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் செனாவாங்கில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். வாரத்தில் ஐந்து நாள் முகுந்தன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி, ஞாயிறு மாலைகளில் மந்தின் ஊர்ச் சந்தையான பாசாரில் அத்தர் கடை போடுவார். ஒரு மடக்கு மேசை, அதன்மேல் சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். வாசனையின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, நம்பர் மறக்காது என்பார். வருகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள், தோலோடு சேரட்டும் என்று அனுப்பிவிடுவார். வியாபாரம் தெரியாத மனிதர் என்று நினைப்போம். ஆனால் பாதிப் பேர் திரும்பி வந்து வாங்குவார்கள்.

ஒரு வாசனைமேல் இன்னொன்றைப் போட்டு, ஒரு ஆளுக்கென்றே தனி வாசனை உண்டாக்குவதில் அவருக்கு உயிர். அதை முதன்முதலில் செய்தது மனைவி நீலாவதிக்காக.

நீலாவதி புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். மரத்தில் உறைந்து நாறும் ஒட்டுப்பாலை அப்பா மூட்டையாக ஏற்றிவந்த அதே மோட்டார் சைக்கிளில்தான் அவளும் பள்ளிக்குப் போனாள். அந்த நாற்றம் வெள்ளைச் சட்டையோடு வகுப்புக்குள் வந்துவிடும். பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காராது. வளர்ந்து வேலைக்கு வந்த இடமும் நான் வேலை செய்யும் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. அங்கேயும் அதே பால், கூடவே அமோனியா. தலையெழுத்தைப் பார் என்று இருவரும் சிரித்திருக்கிறோம். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அவள் கடைசி சீட்டுக்குத்தான் போவாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் சற்று நகர்ந்துகொள்வாள். என்மேலும் அதே வாடைதான் வீசுகிறது என்பது அவள் மனசுக்கு எட்டவே இல்லை.

கல்யாணமான புதிதில் முகுந்தன் இரண்டு மாதம் அவள் கையைப் பிடித்து முகர்ந்து முகர்ந்து பார்த்தார். தெருவே கேலி செய்தது. கடைசியில் ஒரு வரிசை பிடிபட்டது. குளித்த ஈரம் காயும் முன்னே சந்தன எண்ணெய். அது தோலில் இறங்கிய பிறகு கெனாங்காப் பூ எண்ணெய். வாசலைத் தாண்டும்போது பின்கழுத்தில் ஒரே ஒரு சொட்டு வெட்டிவேர். வரிசை மாறினால் பாழ். மூன்றும் தனித்தனியாகச் சாதாரணம்தான். அவள்மேல் சேர்ந்தபோது மட்டும் அது வேறாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட காலையில் நீலாவதி பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பதினொரு வருஷம் அது அவள் சீட். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

சுற்றி வளைப்பானேன், கேட்டேன். என் அண்ணன் மகனின் கல்யாணம் வந்தது. நீலாவுடையது போலவே எனக்கும் வேண்டும் என்றேன். அவள் ஷிஃப்டில் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் கேட்டேன். முகுந்தன் தயங்கினார்.

"ஒரு ஆள் தோல்ல வர்ற வாசம் இன்னொரு ஆள்கிட்ட வராது, தங்கச்சி," என்றார்.

வராவிட்டால் போகட்டும், கொடுங்கள் அண்ணே என்று நச்சரித்து வாங்கினேன். வரிசையெல்லாம் எனக்கு வராது என்று மூன்றையும் ஒரே குப்பியில் கலந்து தந்தார். கல்யாண மண்டபத்தில் ஐந்து பெண்கள் விசாரித்தார்கள். பெருமை தாங்காமல் மந்தின் கடையைக் கை காட்டினேன். ஐந்து இருபதானது. குப்பிக்கு ஒரு நம்பர் வேண்டுமே, ஏழு காலியாக இருந்தது.

முகுந்தனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கைவேலையை நாலு பேர் மெச்சினால் யாருக்குத்தான் தலை கனக்காது? ஆளுக்கு ஆள் தோல் வேறு, வாசனையும் வேறு என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மிஷெல் என்ற பெண் முன்சீட்டில் நீலாவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்களும் நம்பர் ஏழா? சேம்லா நம்ம."

நீலாவதிக்குப் புரியவில்லை. அந்தப் பெண் மந்தின் பாசாரைச் சொன்னாள், நீள மூக்கு அங்கிளைச் சொன்னாள், பஸ்ஸிலேயே நாலைந்து பேரைக் காட்டி அவர்களும் அதுதான் போடுகிறார்கள் என்றாள். எதிர்வரிசையில் நான். அன்று என் கழுத்திலும் அதுதான். நீலாவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் தனியாக விடப்பட்ட பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சோப்பைத் தவிர எந்த வாசனையும் அவள் உடம்பில் படவில்லை. வீட்டில் சண்டை இல்லை. சமைத்தாள், கணவரோடு கோயிலுக்குப் போனாள், என்னோடும் பேசினாள். முகுந்தன் ஏழாம் நம்பரை மேசையிலிருந்து எடுத்துவிட்டார். கேட்டு வருகிறவர்களிடம் ஸ்டாக் முடிந்தது என்பார். அவளுக்காகப் புதிது புதிதாகக் கலந்தார். கலப்பதற்கு அந்த ஆளின் தோல் வேண்டும். அவளோ கையை நீட்டவில்லை. தன் கையிலேயே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் இப்படித் தன் மணிக்கட்டைத் தானே முகர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன தீபாவளிக்கு முன்னால் இரண்டு குப்பிகளோடு என் வாசலில் வந்து நின்றார்.

"நீ சொன்னா கேப்பா, இசபெல். இது யாருக்கும் போவாது. கலவைய எங்கயும் எழுதிக்கூட வைக்கல."

போனேன். நீலாவதி அடுப்படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைச் சொன்னேன். அதோடு, ஒன்பது வருஷமாகக் கேட்காத மன்னிப்பையும் கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேணாம், இசபெல். இப்ப எந்த வாசம் அடிச்சாலும் எனக்கு அந்த பஸ்ஸுதான் ஞாபகம் வருது," என்றாள். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டே, "மத்தவங்க போட்டதுல எனக்குக் கோவமே இல்ல. மணக்கணும்னு ஒருத்தி ஆசப்படுறது எனக்குத் தெரியாதா? நீயோ அவரோ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே என் கையால உனக்குப் போட்டு விட்டிருப்பேன்," என்றாள்.

முகுந்தன் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். வேண்டாம் என்கிறாள் அண்ணே, என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.