பிணம் கேட்ட வெள்ளைத்தாய்

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற பாதையில் எங்கள் தெரு. வெள்ளைத்தாய் அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகையில் நூல் சுற்றுவாள். தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். காக்கிச் சட்டையைக் கண்டால் மட்டும், அது பஸ் கண்டக்டராக இருந்தாலும், குரல் இறங்கிவிடும்.

அவள் புருஷன் ராக்கப்பன் மாந்தோப்புக் காவலாள். 1994 கோடையில் அந்தத் தோப்பில் பம்புசெட் மோட்டார் காணாமல் போனது. விசாரிக்க வேண்டும் என்று அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே பார்த்தது. மறுநாள் ஸ்டேஷனில் போய்க் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் கூட்டிவரவில்லை என்றார்கள்.

நான் பி.ஏ. முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் பீர் முகமதுவிடம் டைப் அடித்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மனித உரிமைப் பிரகடனம் எந்த ஆண்டு வந்தது, அதில் எத்தனை பிரிவுகள், எல்லாம் மனப்பாடம். ருவாண்டாவிலும் போஸ்னியாவிலும் நடப்பதை நூலகத்தில் படித்துவிட்டு, உலகம் இப்படி ஆகிவிட்டதே என்று நண்பர்களிடம் வருத்தப்படுவேன். எங்கள் தெருவும் அந்த உலகத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வக்கீலை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவரிடமும் அதே பதில்தான். வெளியே வரும்போது ஏட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "ஒம் புருசன் எந்த ஊர்ல எவ வீட்ல இருக்கானோ. இங்க வந்து தேடுதியே."

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம், ஆனால் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஏதாவது பிடி வேண்டும் என்றார் வக்கீல். அன்று முதல் அக்கா வேலைக்குப் போகாமல் ஸ்டேஷன் சுவரோரம் நின்றாள். நானும் போய் நிற்பேன்.

ஒரு காலையில் உள்ளே கூட்டிய குப்பையைச் சுவரோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். பீடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு. அறுபட்டிருந்தது. அதில் ஒரு ஊக்கும், ராக்கப்பன் தோப்பில் முள் எடுக்க வைத்திருந்த முள்வாங்கியும் தொங்கின.

நானும் அரைஞாண் கட்டியவன்தான். கயிறு நைந்து போனாலும் புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்போம். ஆண்பிள்ளையின் இடுப்பை வெறுமையாக்குவது சுடுகாட்டில் மட்டும். லாக்கப்பில் அடைக்கப்படுகிறவன் தூக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதென்று கயிற்றை அறுத்துவிடுவார்கள் என்பது அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அக்கா கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். நேரே போய் ஸ்டேஷன் வாசற்படியில் இரண்டு கைகளையும் ஓங்கி அடித்தாள். வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. பிறகு ஒப்பாரி. தறிச் சத்தத்தையே அடக்கும் குரல். பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீ குடித்தவர்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் விரட்ட வந்தார். அவள் நகரவில்லை.

"அடிச்சுக் கொன்னுட்டீக. பொணத்தையாவது குடுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்."

கூட்டமும் பிணத்தைக் கேட்கத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து யாரும் சாகவில்லை என்றார். ஒருவரும் நம்பவில்லை. உள்ளே போனார். சற்று நேரத்தில் இரண்டு பேர் ராக்கப்பனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். இடுப்பில் ஒரு துண்டு. பாதம் இரண்டும் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் விளிம்பால் நடந்தார்.

"பாத்துக்கங்க. உசுரோடதான இருக்கான்?" என்றார் இன்ஸ்பெக்டர். விசாரித்தாயிற்று, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

இத்தனை நாள் இல்லை என்ற ஆளை இப்போது எல்லார் முன்னாலும் நிறுத்தியிருக்கிறார்கள். இனிதான் கூட்டம் கேட்கும் என்று நினைத்தேன். கூட்டம் சிரித்தது. "ஏட்டி, இருக்கவனுக்கு ஒப்பாரி வச்சிட்டியே" என்றார் ஒருவர். பஸ் வந்ததும் பாதிப் பேர் ஓடினார்கள். வெள்ளைத்தாய் அக்கா ரத்தம் வழிகிற கைகளைக் குவித்து இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டாள். நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள்.

அடிபட்ட கால்களைவிட அந்தக் கும்பிடுதான் என்னை உலுக்கியது. நான் மனப்பாடம் செய்த பிரிவுகளில் அதற்கு எங்கே இடம் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ராக்கப்பனைத் தாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வந்தோம். வக்கீல் பாயிடம் போய்ப் புகார் எழுதலாம் என்றேன். அக்கா பதறினாள். "வேணாம் தம்பி. உசுரோட விட்டாகள்ல. வீட்டுக்குப் போயிருவோம்."

ராக்கப்பன் அவள் பக்கம் திரும்பினார். "செவரோரம் நின்னு பேசுனப்பல்லாம் ஒஞ் சத்தம் உள்ள கேட்டுச்சு. வாயில துணிய வச்சு அமுக்குனாக" என்றார். என் தோளை இறுக்கிப் பிடித்தார். "நான் உள்ளதான் இருந்தேன்னு மட்டும் எழுதச் சொல்லு."

எங்கள் தெருவுக்குப் போகிற டவுன்பஸ் வந்து நின்றது. அக்கா படியில் கால் வைத்தாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்டக்டர், ஏறுறியா இல்லையா என்று அதட்டினார். அவள் காலை எடுத்துவிட்டு, அந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம் முழுக் குரலில் கேட்டாள்: "சீவில்லிபுத்தூர் பஸ் எப்ப வரும்?"