எங்க போனாலும் அறுந்துபோகாத ரேடியோ

அத ஏன் கேக்கற கமலா, அந்த வண்டியில குந்தினா போதும், அடியில இருந்து வெதவெதன்னு சூடு ஏறுது. மொத தடவ நான் பதறிப்போயிட்டேன். எதையோ கொட்டிக்கினு அது மேலயே குந்திட்டோம்னு பொடவய தடவித் தடவிப் பாக்கறேன், முன்னால குந்தி வண்டி ஓட்டற என் புள்ள செந்திலு சிரிக்கறான். "சீட்டுக்கே ஹீட்டரும்மா. வெளிய குளுருதுல்ல." மனுஷன் குந்தற எடத்துலகூட அடுப்பு வெச்சிருக்கான் பாரு அமெரிக்காக்காரன்! எனக்கு சிரிப்பு தாங்கல. உங்க மாமாவுக்குதான் புடிக்கல. "பஸ்ஸு இஞ்சினு மேல குந்த வெச்ச மாதிரி கீது, நிறுத்துடா"ன்னாரு.

இரு இரு, நீ கேட்டது அமெரிக்காவுல இருந்து மாமா ஏன் கூட வரலன்னுதான? சொல்றேன். என் தங்கச்சி பேத்தி கல்யாணத்துலயும் ஒவ்வொருத்தரா அதத்தான் கேட்டாங்க. கண்ணுக்கு வைத்தியம் நடக்குதுன்னு சொல்லிட்டு பந்தியில போயி குந்திட்டேன். உங்கிட்ட அப்பிடி சொல்ல மனசு வரல. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான, எங்க சண்ட சச்சரவெல்லாம் கேட்டவ நீ. ஆனா அத சொல்லணும்னா வண்டியப் பத்தி சொல்லணும், வண்டியப் பத்தி சொல்லணும்னா அந்த ரேடியோவப் பத்தி சொல்லணும். அந்த முருங்கக்காய இப்பிடி குடு, நறுக்கிக்கினே பேசறேன்.

பழைய வண்டி மலை ஏறும்போது இருமுதுன்னு செந்திலு புதுசு எடுத்தான். கடைக்கு எங்களையும் இட்டுக்கினு போனான். அங்க இருந்த வெள்ளக்காரப் பையன் நல்ல புள்ள, உங்க மாமாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு புரிஞ்சிக்கினு அவரு கையப் புடிச்சி ஒவ்வொரு பொத்தான் மேலயும் வெச்சிக் காட்டினான். அப்பறம் ரேடியோவப் போட்டான். கொரகொரன்னு ஒண்ணுமே இல்ல, பன்னீரு தெளிச்ச மாதிரி பாட்டு வருது. "இது வானத்துல சுத்தற சாட்டிலைட்டுல இருந்து வர ரேடியோப்பா, இந்த நாட்டுல எந்த மூலைக்குப் போனாலும் அறுந்து போவாது"ன்னான் செந்திலு. உங்க மாமா "எந்த ஊரு ஸ்டேஷன் இது?"ன்னு கேட்டாரு. செந்திலு இங்கிலீஷுல கேட்டு சொன்னான், "எந்த ஊருமில்லியாம்ப்பா, எல்லா ஊருக்கும் இதுதானாம்." மாமா, "ஊரே இல்லாம ஒரு ஸ்டேஷனா?"ன்னாரு. அந்தப் பையனுக்கு இன்னா புரிஞ்சிதோ, வால்யூம் பத்தலன்னு நெனச்சி இன்னும் சத்தமா வெச்சான்.

கொஞ்ச மாசம் ஓசி. அதுக்கு மேல வேணும்னா பணம் கட்டணும். வேணுமா வேணாமான்னு ஓசி முடியறதுக்குள்ள பாத்து சொல்லுங்கன்னான் செந்திலு. தமிழுல ஒண்ணுகூட வராது, அத மொதல்லயே துழாவிப் பாத்துட்டேன்.

வண்டிக்கு நான்தான் பூஜ போட்டேன். மருமவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டா. டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சி, மூஞ்சிக்கு சந்தனம் குங்குமம் வெச்சி, பூசணிக்காய் கெடைக்கல, ஒரு பரங்கிக்காய சுத்தி ஒடச்சேன். வண்டிக்கு மேல பின்பக்கமா மீனு முதுகாட்டம் ஒண்ணு தூக்கிக்கினு நின்னுது. உச்சியில இருக்கறத வுட்டுட்டு கீழ மட்டும் வெச்சா ஆவுமா? ஸ்டூலு போட்டு ஏறி அதுக்கும் சந்தனத்தக் கொழச்சி அப்பி நடுவுல பொட்டு வெச்சேன். மறுநாளு காலையில எதிர்வூட்டு வெள்ளக்காரம்மா, என்னவிட வயசு ஜாஸ்தி இருக்கும் பாவம், ஈரத்துணியோட வந்து அத சுத்தமா தொடச்சிட்டு என்னப் பாத்து சிரிச்சா. காக்கா எச்சம் போட்டுட்டுச்சின்னு நெனச்சிட்டா! நானும் சிரிச்சேன், வேற இன்னா பண்றது? அடுத்த வெள்ளிக்கெழம மறுபடி வெச்சேன். சனிக்கெழம அவ மறுபடி தொடச்சா. அந்த மீனு முதுகுலதான் வானத்து ரேடியோவே எறங்குதுன்னு செந்திலு அப்பறமாதான் சொன்னான். நல்லதாப் போச்சி, சரியான எடத்துலதான் வெச்சிருக்கேன்.

கமலா, உனக்கு ஞாபகம் இருக்கா, கண்ணு மங்கிப் போன பொறவும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவரு கிரிவலம் போவாரே. ஆட்டோவுல சுத்திட்டு வரலாம்னு சொன்னா கோவம் வந்துரும். என் எடது தோளு மேல கைய வெச்சிக்கினு பின்னாலயே வருவாரு. எங்க இருக்கோம்னு நான் சொல்லவே வேணாம். வழி நெடுக்க கோயிலுக்குக் கோயிலு கொழாய் ஸ்பீக்கரு கட்டிப் பாட்டு போட்டிருப்பாங்க இல்ல, ஒண்ணு தேய்ஞ்சிக்கினே போவும்போது அடுத்தது கெளம்பும். ரெண்டும் கலந்து ஒண்ணுமே வெளங்காத எடம் ஒண்ணு வரும். அங்க நின்னு, "இப்ப நடுவுல கீறோம்"னுவாரு. அக்னி லிங்கத்துல ஒரு சத்தம், ரமணாசிரமத்துக்கிட்ட காபிக் கடைங்க, ஆட்டோ ஆரனு, அத வுட்டா எம லிங்கத்துப் பாட்டு. காதாலயே மலைய சுத்தி வந்துருவாரு மனுஷன்.

அங்க போயும் அதத்தான் பண்ணாரு. கண்ணாஸ்பத்திரி வேற ஊருல, போவ அர நாளு, வர அர நாளு, மாசம் ஒருக்கா போவணும். போனது போனதுதான், மிச்சம் இருக்கற வெளிச்சமாவது போவாம இருக்க மருந்து வுடறாங்க. பழைய வண்டியில சாதா ரேடியோ. கெளம்பும்போது ஒரு பாதிரியாரு கத்துவாரு, நம்ம மார்க்கெட்டுல வாழத்தாரு ஏலம் வுடறவன் தோத்தான். அவரு தொண்ட கொரகொரத்தா ஆத்துப் பாலம் வந்துடுச்சின்னு அர்த்தம். அப்பறம் ஒருத்தன் கிடாரு வெச்சிக்கினு அழுவான். மலை வந்தா எல்லாம் போயி வெறும் கொர்ர்ருன்னு வரும். மலை எறங்கினா ஒரு பொண்ணு, எதுக்கெடுத்தாலும் கெக்கெக்கேன்னு சிரிப்பா. "சிரிக்கறவ வந்துட்டா, ஆஸ்பத்திரி வந்துடுச்சி, செருப்ப மாட்டு"ன்னுவாரு உங்க மாமா. ஒரு வார்த்த இங்கிலீஷு புரியாது, ஆனா அந்த வழி பூரா அவருக்கு மனப்பாடம்.

புது வண்டியில மொத தடவ போனோம். செந்திலு ஆசையா வானத்து ரேடியோவப் போட்டான். ஒரே புல்லாங்கொழலு. பாலம் தாண்டிப் போறோம், புல்லாங்கொழலு. மலை ஏறறோம், அதே புல்லாங்கொழலு. வண்டியும் குலுங்கல, சத்தமும் இல்ல, தொட்டில்ல போட்ட மாதிரி. மாமா கேட்டாரு, "வண்டி கெளம்புச்சா?" நாங்க அப்பவே பாதி தூரம் வந்துட்டோம். "வந்துட்டே இருக்கோம்ப்பா"ன்னான் செந்திலு. கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடியும், "இன்னும் கெளம்பலியா?" செந்திலு கண்ணாடியில என்னப் பாத்தான். நான் வெளிய பாத்துக்கினேன்.

வூட்டுக்கு வந்ததும் சமயக்கட்டுல வந்து நின்னான். "அம்மா, அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு நெனைக்கறேன். டாக்டருகிட்ட சொல்லவா?" எனக்கு வந்துச்சி பாரு கோவம். "உங்கப்பன் மண்டையில ஒரு கோளாறும் இல்லடா, கோளாறு உன் ரேடியோவுல. எங்க போனாலும் ஒரே சத்தம் வந்தா கண்ணு தெரியாத மனுஷனுக்கு போறமா நிக்கறமான்னு எப்பிடிடா தெரியும்? பழைய மாதிரி அந்தப் பாதிரியாரப் போடு, அப்ப பேசு"ன்னேன்.

போட்டான். அடுத்த மாசம் பாதிரியாரு கத்தி, தேய்ஞ்சி, "பாலம் வருதா?"ன்னு இவரு கேட்டதும் செந்திலு ஸ்டேரிங்க ஒரு தட்டு தட்டினான். "ஆமாப்பா, வருதுப்பா"ன்னான். எனக்கு ஆனா ஒரே பெரும. டாக்டருக்கு தெரியாதது எனக்கு தெரிஞ்சிடுச்சின்னு அந்த வாரம் பூரா தலை நிமிந்துதான் நடந்தேன்.

ஓசி முடியற சமயத்துல அந்தக் கம்பெனிப் பொண்ணு போனு மேல போனு. செந்திலு வேணாம் வேணாங்கறான், அவ வுட மாட்டேங்கறா. போன ஸ்பீக்கருல போட்டிருந்தான். நான் எட்டிப் புடிச்சி, "வேணாந்தாயே, எங்களுக்கு தேயற ரேடியோவே போதும், நீ வேற எடம் பாரு"ன்னு தமிழுலயே கத்தினேன். அவ வெலைய கொறச்சிட்டா! நான் பேரம் பேசறேன்னு நெனச்சிக்கினா போல. மறுபடி கத்தினேன், இன்னும் கொறச்சா. செந்திலு சிரிச்சிச் சிரிச்சி கண்ணுல தண்ணி. அவன் அப்பிடி சிரிச்சி ரொம்ப நாளாச்சி கமலா. கடைசியில வேணாம்னு அறுத்து வுட்டோம்.

நுனியப் போடாத, சாம்பாருக்கு ஆவும்.

அப்பறம் பனி வந்துச்சி. ஊரே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அந்த மாசமும் கெளம்பினோம். பாதிரியாரு கத்தினாரு, கொரகொரத்தாரு, பாலத்து மேலயே போறோம். இவரு வாயத் தொறக்கல. தூங்கறாரோன்னு பாத்தேன், கண்ணு முழிச்சிக்கினுதான் இருந்தாரு. நானே, "பாலம் வந்துடுச்சிங்க"ன்னு எடுத்துக் குடுத்தேன். "எந்தப் பாலம்?"னாரு. கிடாருக்காரன் அழுது முடிச்சான். மலை வந்து கொர்ர்ருன்னு ஆரம்பிச்சிதா, இவரு ரெண்டு கையாலயும் முன் சீட்டப் புடிச்சிக்கினாரு. மூஞ்சியில அப்பிடி ஒரு பயம். "எல்லாரும் எறங்கிட்டாங்களா? யாருமே இல்லியா?"ன்னாரு. நான் பக்கத்துலதான் குந்தினு இருக்கேன். கையப் புடிச்சேன். "நான் கீறேங்க." "நீ யாரும்மா? என் சம்சாரம் எறங்கிட்டாளா பாரு"ங்கறாரு.

செந்திலு வண்டிய ஓரங்கட்டிட்டான். ரேடியோவ அணைச்சான். அப்பவும் இவரு, "எல்லாரும் எறங்கிட்டாங்க, எல்லாரும் எறங்கிட்டாங்க"ன்னே சொல்லிக்கினு இருந்தாரு. வெளிய பனி வுழுது. நான்தான் சொன்னேன், "டேய், அந்த வானத்து ரேடியோவுக்கு பணம் கட்டிடுடா. அறுந்து போவாததே இருக்கட்டும். வருஷத்துக்கே கட்டிடு." வேணாம்னு கத்தினவ நான், கட்டுன்னு சொன்னவளும் நான். அவன் அங்கயே போன எடுத்துக் கட்டிட்டான்.

இப்ப வண்டியில குந்தினதும் அந்தப் புல்லாங்கொழலுதான். வூட்டுல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே சீரா வருது. கெளம்புச்சான்னும் கேக்கறதில்ல, வந்துடுச்சான்னும் கேக்கறதில்ல. நிம்மதியா சாஞ்சிக்கினு வராரு. வெள்ளிக்கெழம நான் அந்த மீனு முதுகுக்கு பொட்டு வெக்காம இருக்கறதில்ல. இங்க கெளம்பறதுக்கு மொத நாளு பாத்தேன், எதிர்வூட்டு அம்மா தொடைக்க வந்தவ, வாசல்ல நிக்கற வண்டியில பாட்டு கேட்டுக்கினு கண்ண மூடி சாஞ்சிருக்கற இவரப் பாத்துட்டு, துணிய மடிச்சி எடுத்துக்கினு திரும்பிப் போயிட்டா.

அதான் கூட்டியாரல. பிளேனுல நடு வழியில "எல்லாரும் எறங்கிட்டாங்களா"ன்னு எழுந்து நின்னா நான் இன்னா பதிலு சொல்லுவேன்? எனக்கும் பத்து நாளுதான், திரும்பிப் போயிடணும்.

அழுவாத, சீ, கண்ணத் தொடை. நல்லது ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த பௌர்ணமிக்கு சாயங்காலமே நான் தனியா கிரிவலம் கெளம்பினேன். இங்க சாயங்காலம்னா அங்க விடிகாலை. செந்திலு போனப் போட்டு அவரு காதுல வெச்சிட்டான். நான் போன ஸ்பீக்கருக்கு நேரா தூக்கிப் புடிச்சிக்கினே நடந்தேன், போறவன் வரவன் எல்லாம் பைத்தியம்னு பாத்தான். அக்னி லிங்கம் தாண்டினேன். ரமணாசிரமம் தாண்டினேன். ஒரு பாட்டு தேயுது, இன்னொரு பாட்டு கெளம்புது. ரெண்டும் கலக்குது. போனுக்குள்ள இருந்து, "இப்ப நடுவுல கீறோம்"னாரு!

எனக்கு நடு ரோட்டுலயே ஆடணும் போல இருந்துச்சி. "அடுத்தது?"ன்னேன். "எம லிங்கம். அங்க கல்லு ஜாஸ்தி, பாத்து கால வெய்யி"ன்னாரு. குபேர லிங்கத்துக்கிட்ட, "கும்பலா கீது, ஓரமா போ"ன்னாரு. ஒண்ணுகூட தப்பல கமலா, ஒண்ணுகூட! அந்த வண்டியில எறங்கிப்போன மனுஷன் பூரா இங்கதான் நடந்துக்கினு இருந்திருக்காரு. அப்பறம் கொரல கொறச்சிக்கினு, "வேகமா போவாதம்மே, உன் தோள வுட்டுட்டா நான் தொலைஞ்சிருவேன்"னாரு.

"நல்லாப் புடிச்சிக்கோங்க"ன்னேன். வேற இன்னா சொல்றது? மிச்ச வழி பூரா மெதுவாத்தான் நடந்தேன். இந்த எடது தோளு இருக்கு பாரு, இப்பவும் ஒரு பக்கமா கனமா இருக்கற மாதிரியே...

ஏய், கொழாயில காத்து சீறுது, தண்ணி வந்துடுச்சிடி! நல்ல தண்ணி, நின்னா நாளைக்குதான். கொடத்தக் குடு, மொதல்ல உன்னுத புடிச்சி வெக்கறேன்.