தவமலரின் எல் கமினோ

தவமலர் யாரையும் லேசில் நம்பமாட்டாள். மீன் கடையில் செவுளைத் தானே தூக்கிப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள், கதவை இழுத்துப் பார்க்க ஒருமுறை திரும்பி வருவாள். மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு வந்த நாள் முதல், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில்தான் வேலை. எத்தனையோ பேரின் காருக்குத் தைத்தவள் தனக்கென்று ஆசைப்பட்டது ஒரே ஒரு காருக்கு.

அது எழுபதாம் ஆண்டு எல் கமினோ. முன்னால் நின்று பார்த்தால் நீண்ட மூக்கும் உறுமும் எஞ்சினுமாகப் பந்தயக் கார். பின்னால் போய்ப் பார்த்தால் சாமான் ஏற்றும் பிக்கப். ஒரு பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ரெக்ஸ்டேலில் கராஜ் வைத்திருக்கும் சூசைதாசனிடம் விட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அஜக்ஸிலிருந்து அங்கே போய், அவனோடு நின்று தானும் துருச் சுரண்டினாள். நீளமான முன் இருக்கைக்குக் கறுப்பு உறையைத் தன் கையாலேயே தைத்தாள். கார் ஓடத் தொடங்கியபின் அதை வைத்தே ஒரு தொழிலும் பிடித்தாள். வார இறுதிகளில் கல்யாண மண்டபங்களுக்கு மணவறை அலங்காரம். சிவப்புக் காரின் முதுகில் வாழைமரங்கள் சாய்ந்து போவதை 401 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

கிழமை நாட்களில் அவள் கொரோலாவில் வேலைக்குப் போய்விடுவாள். எல் கமினோ வீட்டுக் கராஜுக்குள் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதற்குள் ஏறி உட்கார்ந்தவளுக்குக் கால் பிரேக்கை எட்டவில்லை. யாரோ இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள்.

வீட்டில் இருப்பது அவளும் புருஷன் மாமாங்கமும். அவருக்கு இடது முழங்கால் மடங்காது. இந்த நாட்டில் ஒருநாளும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. அடித்தளத்தில் வாடகைக்கு இருப்பவன் கிருபன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பனைபோல் வளர்ந்தவன். வேறு யாரை நினைப்பது? கார்க் களவு மலிந்துபோன காலம். காலையில் எழுந்தால் வாசலில் வண்டி இல்லை என்ற கதையைத் தொழிற்சாலையில் நித்தமும் கேட்டாள். போன மாதம் பிக்கரிங் மண்டப வாசலில் இதன் பக்கக் கண்ணாடி உடைந்தபோதும், ‘ஆரோ இடிச்சிட்டு ஓடிற்றான்’ என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

இருக்கையைத் தன் அளவுக்கு இழுத்து, அது நகரும் தண்டவாளத்தில் தையல் சோக்கால் ஒரு கோடு போட்டாள். அடுத்த கிழமை பார்த்தால், கோடு ஓரிடத்தில், இருக்கை வேறிடத்தில்.

நேரே கீழே இறங்கிப்போய்க் கிருபனின் கதவைத் தட்டினாள்.

“தம்பி, என்ர காரை ஓட்டினியா?”

“இல்லை அன்ரி. நான் ஓட்டேல்லை.”

அவன் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது போதுமாக இருந்தது அவளுக்கு.

“இந்த மாசத்தோட வேற இடம் பாரு.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையை மட்டும் ஆட்டினான். மேலே வந்து புருஷனிடம் சொன்னாள். மாமாங்கம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தார். “அவசரப்படாத மலர்” என்றார். அதுவும் அவளுக்கு நல்லதாகப் படவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். விற்கப் பார்க்கிறார்களோ?

திங்கட்கிழமை வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, அடுத்த தெருவில் கொரோலாவை நிறுத்திக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் எல் கமினோவின் உறுமல் கேட்டது. சந்தியைக் கடக்கும்போது பார்த்தாள். கிருபன் இருந்தது பக்கத்தில். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது மாமாங்கம். விறைத்த காலை நீட்டுவதற்குத்தான் இருக்கை அவ்வளவு பின்னால் போயிருக்கிறது.

பின்னாலேயே போனாள். பூட்டிக் கிடந்த ஒரு கடைத்தொகுதியின் வெறும் பார்க்கிங்கில், இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கு நடுவே அவர் காரைப் பின்னுக்கு விட்டுக்கொண்டிருந்தார். கிருபன் கீழே நின்று கைகாட்டினான். அவளைக் கண்டதும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“ஆரைக் கேட்டு எடுத்தீங்க?”

மாமாங்கம் எஞ்சினை நிறுத்தினார். “கேட்டா நீ தந்திருப்பியா? கள்ளமா ஓட்டல்ல. எழுத்துச் சோதனை பாஸ் பண்ணிற்றன். லைசன்ஸ் உள்ள ஆள் பக்கத்தில இரிக்க வேணும், அதுதான் இவன்.”

“இவ்வளவு காலமும் இல்லாத ஆசை இப்ப ஏன்?”

கிருபன் வாளிகளை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

“பிக்கரிங்கில கண்ணாடியை ஒருத்தனும் உடைக்கல்ல, மலர். நான் பூத்தட்டோட மண்டப வாசலில நிண்டனான். மம்மல் நேரம், இருட்டிக்கொண்டு வந்தது. நீ தூணிலதான் இடிச்சாய். தூண் உனக்குத் தெரியல்ல.”

தூண் மட்டுமா. பொழுதுபட்டால் எதிரே வரும் வெளிச்சங்கள் உடைந்து பரவுவதையும், ஓரத்தில் நிற்கும் ஆட்கள் திடீரென்று முளைப்பதையும் அவள் ஒரு வருடமாகத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். ஊரையெல்லாம் சந்தேகித்தவள் தன் கண்ணைச் சந்தேகிக்க மட்டும் பயந்திருந்தாள். இந்த மனுஷன் பக்கத்திலிருந்து அதைக் கவனித்திருக்கிறார்.

“கண்ணைக் காட்டச் சொன்னா நீ கேக்கமாட்டாய். அதுதான் நான் கார் ஓடப் பழகினன்.”

அந்தக் கிழமையே கண் டொக்டரிடம் போனாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, ஓரப்பார்வை கொஞ்சம் போய்விட்டது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்கள். வாகனம் ஓட்டுவதை விடச் சொன்னார்கள். வேலைக்குத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தியோடு போகத் தொடங்கினாள்.

கிருபனிடம் போய், “நீ இரு தம்பி, போகத் தேவையில்ல” என்றாள்.

“பரவாயில்லை அன்ரி, ரெக்ஸ்டேலில இடம் பாத்திட்டன். வேலைக்கும் கிட்ட.” அவன் மரியாதையாகத்தான் சொன்னான். மாத முடிவில் போனான். இரண்டு தரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், வரவில்லை.

மாமாங்கம் கார் ஓட்டும் சோதனையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினார். அடுத்த கல்யாணத்துக்கு வாழைமரங்களை ஏற்றிக் கட்டிவிட்டு அவர் ஸ்டியரிங்கில் உட்கார, தவமலர் முதல்தடவையாக மற்றப் பக்கத்தால் ஏறினாள்.

“கயிற்றை இறுக்கினீங்களா?”

“இறுக்கினன்.”

அவள் இறங்கிப்போய் முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறி, கதவைச் சாத்தினாள்.