சாம்பிராணி போட்ட வேன்

என் மூக்கு செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஊரே முடங்கிக் கிடந்தபோது வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாசிர் கூடாங் தொழிற்சாலைப் புகையில் இத்தனை காலம் தாக்குப்பிடித்த மூக்கு அது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு மூக்கு என் மனைவிதான். பால் கெட்டுவிட்டதா, சட்டை நாறுகிறதா, எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

வேலையிலிருந்து நின்றதும், ஆட்களை ஏற்றிப்போகிற பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, குளியலறை வைத்து வீடாக்கினேன். அவளுக்கு இடுப்புவலி, பச்சைத் தண்ணீர் ஆகாது. அதற்காக வைத்த கேஸ் ஹீட்டர்தான் என் நிம்மதியைத் தின்றது. கசிந்தால் எனக்குத் தெரியாதே! சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவேன். கசிவு இருந்தால் நுரை பொங்கும். அவளையும் மோந்து பார்க்கச் சொல்லி உயிரை வாங்குவேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பொந்தியான் கடலோரம் வேனை நிறுத்தியிருந்தோம். நல்ல மழை. வெள்ளிக்கிழமையானால் அவளுக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாக வேண்டும். வேனும் வீடுதானே. சன்னல்களைச் சாத்தி, கண் எரிய எரியப் புகை போட்டுவிட்டு, தணலை வெளியே மழையில் கொட்டினாள்.

பிறகுதான் நான் புது சிலிண்டரை மாட்டித் திறந்தேன்.

"வாசனை வருதா பாரு."

"ஒண்ணும் வரலீங்க. நான் சேலை மாத்திட்டு விளக்கேத்தணும், கதவைச் சாத்துங்க லா."

அவள் வாயால் கேட்டதும் எனக்கு மனசு லேசானது. கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, அவசரமில்லாமல் சோப்பைக் கரைத்தேன். பிரஷ் தேடினேன். குடையைப் பிடித்தபடி பின்பக்கம் போய், குளியலறைச் சுவரில் பதித்த ஹீட்டரின் வெளிமூடியைத் திறந்து இணைப்பில் தடவினேன்.

நுரை இட்லி மாவு மாதிரி பொங்கியது.

சிலிண்டரை மூடினேன். அப்போதுதான் உறைத்தது. உள்ளே இருக்கும் சாம்பிராணி வாடையில் அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இவ்வளவு நேரம் கசிந்த கேஸ் முழுக்க உள்ளே. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. அவள் விளக்கேற்றப் போகிறாள்.

"பத்த வைக்காதே!" என்று கத்தினேன். தகரக் கூரையில் விழுந்த மழை என் குரலை விழுங்கியது. குடையை எறிந்துவிட்டு ஓடினேன். கதவு உள்ளே தாழ். இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளே சத்தமே இல்லை. வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை. அம்மா தாயே, அவளை விட்டுடு, அவளை விட்டுடு என்று வாய் தானாக அரற்றியது.

தாழ் விலகியது. புதுச் சேலையில் நின்றாள், கையில் தீப்பெட்டி, முகத்தில் எரிச்சல்.

"எதுக்கு இப்படி இடிக்கிறீங்க? இங்க தீக்குச்சி எல்லாம் நமுத்துப் போச்சு. மூணு நாலு குச்சி கிழிச்சும் பத்தல. உங்க லைட்டரைக் கொடுங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். சேலை சேற்றில் புரள, திட்டிக்கொண்டே வந்தாள். வெகுதூரம் தள்ளி ஒரு தென்னை மரத்தடியில்தான் நிறுத்தினேன். இருவரும் தொப்பலாக நனைந்தோம்.

திறந்த கதவு வழியாக வேனிலிருந்து எங்கள் பக்கம் காற்று அடித்தது. அவள் திட்டுவதை நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள். "கேஸ் வாடை வருதுங்க."