செல்லப்பன் சாரின் வெங்காய உப்பு

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. பாடாலூர்ப் பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அறிவரசன் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். போனில் பேசியவர் செல்லப்பன் சாரின் மனைவி வளர்மதி. இரவு படுக்கப் போனவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

அறிவரசனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது வெங்காயம்தான். இந்த நேரத்தில் நினைக்கக் கூடியதா அது? ஆனாலும் வேறெதுவும் வரவில்லை.

செல்லப்பன் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். சட்டைப்பையில் பேனா இருக்காது. சின்ன வெங்காயம் இருக்கும். மூலக்கூறு என்றால் பிள்ளைகளைக் கைகோக்க வைப்பார். ஆக்சிஜனுக்கு இரண்டு கை. ஹைட்ரஜனுக்கு ஒரே கை; மற்றதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோய் அந்தக் கையால் மூக்கைச் சொறிந்த ஹைட்ரஜன்கள் ஏராளம்.

வெங்காயம் அயனிக்கு. எலக்ட்ரானைக் கொடுத்தவன் பிளஸ், வாங்கியவன் மைனஸ் என்றால் பிள்ளைகள் ஒப்பவில்லை.

"குடுத்தா கொறையத்தானே சார் செய்யும்?" என்றாள் நர்மதா.

"எதக் குடுக்குறோம்னு பாக்கணும்ல? எலக்ட்ரான்ங்கறது உரிச்ச வெங்காயம். தள்ளிவுட்டவன் சிரிப்பான், அவன் பிளஸ். வாங்குனவன் அழுவான், அவன் மைனஸ். ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டா உப்பு."

உப்பு செய்யும் வேகத்தில் பிள்ளைகள் வீட்டு வெங்காயத்தில் கைவைத்தார்கள். போன வாரம் ராஜாவின் அம்மா உண்ணாமலை பள்ளிக்கே வந்துவிட்டார்.

"வெதைக்கு வச்சிருந்தது சார்! அள்ளிக்கிட்டு வந்துட்டான். உப்பு கடையில கெடைக்காதா?"

அறிவரசன் செல்லப்பனைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நானே வந்து கேப்பேன் சார். புள்ளைங்களுக்கு வெளங்கலன்னா வெங்காயத்த வுட்டுடுங்க."

செல்லப்பனின் முகம் வாடிவிட்டது. வெங்காயம் போனால் அவர் கையில் பாடப்புத்தகம்தான் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை நர்மதா சோடியம், ராஜா குளோரின். அவள் உரித்து நசுக்கிய வெங்காயத்தை அவன் மூக்கடியில் நீட்டினாள். ராஜா கல்லுப்பிள்ளையார் போல நின்றான்.

"அழுடா!"

"வரல சார். தெனம் எங்கம்மாகூட வெங்காயம் ஆயறேன்ல."

வகுப்பு முழுவதும் முகர்ந்து பார்த்தது. ஒருவருக்கும் கண் கலங்கவில்லை. எல்லாமே வெங்காயக்காட்டுப் பிள்ளைகள். கடைசியில் செல்லப்பனே வாங்கி முகர்ந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து அறிவரசன் உள்ளே நுழைந்தார். "ஐயையோ, என்ன சார் இது! நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அழுவாதீங்க!"

"பெரிய சார், அவரு அழுவல!" ராஜா குதித்தான். "நர்மதாகிட்ட எலக்ட்ரான் வாங்கிட்டாரு. மைனஸ் அயனி!"

"நான் பிளஸ்!" நர்மதா சிரித்துக்கொண்டே செல்லப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு!" என்று வகுப்பே கத்தியது. அறிவரசன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று பிரேயரில் அறிவரசன்தான் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"பெரிய சாரு வெங்காயமே இல்லாம மைனஸ் ஆயிட்டாரு," என்று ராஜா முணுமுணுத்தான். நர்மதா அவனைக் கிள்ளினாள். அவள் சிரிக்கவில்லை. வெங்காயத்துக்கு அசையாத ராஜாவின் கண்ணும் சிவந்திருந்தது.

உப்பு தண்ணீரில் எப்படிக் கரைகிறது என்பது இன்றைய பாடம். தண்ணீராக நடிக்கும் பிள்ளைகள் நிற்பதற்காக, வெள்ளிக்கிழமை சாயங்காலமே செல்லப்பன் வகுப்புத் தரையில் நீலச் சாக்பீஸால் வட்டம் போட ஆரம்பித்திருந்தார். பாதி வட்டம்தான் போட்டிருந்தார்.