மகனுக்கு வைத்த படையல்

நான் நாலாம் வகுப்புத் தாண்டாதவன். ஆனாலும் எங்கள் தாகேதாப் பேட்டையில் என் பிரியாணிக் கடையைத் தெரியாதவர் கிடையாது. எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கியது. கப்பலில் வேலை பார்த்த என் மூத்த மகன் தனபால், போன வருடம் ஸ்பெயினின் வடகரையில் கிஹோன் துறைமுகத்தில் மாரடைப்பால் போய்விட்டான். தலைத்திதிக்கு ஊரே மெச்சும்படி ஆட்டுப் பிரியாணி படைத்தேன்.

அவனோடு கப்பலில் இருந்த செல்வம், பர்மிய வழக்கப்படி எல்லாரும் ‘கோ’ போட்டுக் கூப்பிடும் கோ செல்வம், நகரத்தின் மறுகோடி ஷ்வேப்யிதாவிலிருந்து வந்திருந்தான். இலையைப் பார்த்துத் தயங்கினான்.

“மாமா, அவன் கறிய விட்டு ரொம்ப நாளாச்சே!”

“என் பிரியாணிய வேணாம்பானா? போடா!”

“நெசமா மாமா. கிஹோன்ல எறங்கினா அவன்தான் எங்களுக்கு வழிகாட்டி. மொதல்ல கடலோரக் குன்று மேல ஏத்துவான். காலடியில பச்சப் புல்லு, கீழ கடலு. அப்புறம் ஒரு சின்னக் கடை. பால்ல வெந்த அரிசி, மேல பட்டைத்தூள். ‘எங்கம்மா பாயாசம் மாதிரியே இருக்கு, தின்னு பாருடா’ம்பான்.”

“பாயாசம் வைக்கலாம்னு நானும் சொன்னேனே, கேட்டீங்களா?” என்று விம்மினாள் என் மனைவி.

அவன் கூப்பிடும்போதெல்லாம் கடைப் பெருமையையே பேசி ஃபோனை வைத்துவிடுவேன். அந்தக் குன்றைப் பற்றி அவன் வாயால் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பிரியாணியை எடுத்துவிட்டுப் பாயாசம் படைத்தோம்.

இப்போது சிங்கப்பூரிலிருந்து இளையவன் கூப்பிட்டால், “என்னப்பா சாப்பிட்ட? எங்கெல்லாம் போய்ப் பாத்த?” என்று கேட்கிறேன். அவன் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.